தீபாவளி வெயில்

காலை ஏழு மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜூலியானா மலையேறுவது தெரியும். தோளில் ஒரு பை, காலில் ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் ஒரு பழைய டூத்பிரஷ்.

"என்னா ஜூலி, மலைக்குப் பல்லு வெளக்கிவிடப் போறியா?" என்று கொழுந்து வெட்டப் போகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாலா, வாய் நாறுதுன்னு கம்ப்ளேண்ட் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறிப்போவாள்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் அந்தச் சரிவில் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாப்பாட்டு டப்பா அளவு. அடியில் மண்ணுக்குள் இறங்கிய ஒரு இரும்புக் கம்பி, தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. மண் நகக்கண் அளவு நகர்ந்தாலும் பெட்டிக்குத் தெரியும். உடனே வயர் இல்லாமலே ஆபீஸ் கூரையில் இருக்கும் ஏரியலுக்குச் சொல்லும். அங்கிருந்து லயத்தில் சைரன் அலறும். அந்தத் தகடுகளில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, பெட்டிகளை உயிரோடு வைத்திருப்பது, இதுதான் ஜூலியானாவின் வேலை.

நான் ராமசாமி. இந்தத் தோட்டத்துக் கிராணி. ஆள் கணக்கிலிருந்து மழை அளவுவரை ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற ஆள். வாயால் சொல்வதை நம்பாதே, எழுத்தில் இருப்பதை நம்பு என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்தவன். ஜூலியானாவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவன் கேமரன் மலையிலேயே கிடையாது. இருந்தாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். அவள் பட்ட பாட்டில் பாதி என் கைவேலை.

அவள் அப்பா மைக்கேல்ராஜ் பேக்டரியில் வயர்மேன். டார்ச் பேட்டரியில் கரண்ட் இருக்கிறதா என்று வயரை நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்கிற மனுஷன். "மீட்டர் எதுக்கு கிராணி, கர்த்தர் நாக்குக் குடுத்திருக்காருல்ல" என்பார். மகளும் அதே ரகம். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஈப்போவில் போலிடெக்னிக் படித்தாள், பினாங்கில் ஒரு பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கடுகைவிடச் சின்ன எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஈயம் வைக்கிற வேலை. அவள் வைத்த ஈயம் திரும்பி வந்ததே இல்லை என்று அங்கே பேர் வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வாங்கிய பேர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மைக்கேல்ராஜ் இறந்தபோது வந்தவள், "அம்மாவுக்குச் சர்க்கரை, கால்ல புண்ணு. ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்றாள். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. அம்மா பார்பராவைப் பார்த்துக்கொண்டே திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டக்காரர்களுக்குத் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்தாள். சீசனில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் நின்றாள். பினாங்கில் பூதக்கண்ணாடி பார்த்த கண் இங்கே பழத்தில் அழுகல் பார்த்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. குறைப்பட்டது நான்தான், அதுவும் தேவையில்லாமல்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக் காலையில் சரிவிலிருந்து மண் இறங்கி, கடைசி வீட்டு வேலாயியின் சமையல்கட்டுக்குள் புகுந்தது. வேலாயி வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். "அந்தச் சண்டைதான் என் உசுரக் காப்பாத்துச்சு" என்று இன்றைக்கும் சொல்லி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோடு இன்றைக்கும் சண்டை போடுகிறாள். அதற்குப் பிறகுதான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியரும் மாணவர்களும் வந்து பெட்டிகளை நட்டார்கள். உள்ளூரில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். ஜூலியானாவைத் தவிர வேறு யார்?

முதல் மழைக்காலத்தில் பதினான்கில் ஒன்பது பெட்டி செத்துப்போனது.

நவம்பர் நடுவில் ஒவ்வொன்றாக ஊமையானது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பாகும். சரிவு நகரக்கூடிய நேரமே மழைக்காலம்தான். சரியாக அந்த நேரத்தில் பெட்டிகள் கண்ணை மூடிக்கொண்டன. ஜூலியானா சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஏறி மாற்றிவிட்டு வந்தாள். கேள்விப்பட்ட பேராசிரியர் வேண்டாம் என்று தடுத்தார். மழையில் சரிவில் ஆள் ஏறக்கூடாது என்றுதானே பெட்டி வைத்தது? பெட்டி தானாக வெயிலைத் தின்று தானாகப் பிழைக்க வேண்டும், அதுதான் திட்டமே என்றார்.

பெரிய தகடாக வைத்தால் என்ன என்று நான்கூட மேதாவிபோலக் கேட்டேன்.

"பெரிய தகடுன்னா காத்து பிடிக்கும் அங்கிள். காத்துல கம்பி ஆடும். பெட்டி மலைதான் ஆடுதுன்னு நெனச்சிக்கும். சும்மா சும்மா சைரன் அடிச்சா நாலாவது தடவ யாரும் எந்திரிக்க மாட்டாங்கலா."

இரண்டாவது வருஷம், அதாவது போன அக்டோபரில், மழை சரியாகத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பெட்டி போய்விட்டது. பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையில் வந்து பேசினார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. பத்து வருஷ வெயில் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டரில் மாதிரி போட்டுப் பார்த்தாகிவிட்டது, அந்த மாதிரிப்படி பேட்டரி தீரவே கூடாது, அப்படியானால் கோளாறு பராமரிப்பில்தான் இருக்க வேண்டும் என்றார். டிசம்பர் மழையைப் பெட்டிகள் தாண்டாவிட்டால் திட்டத்தை மூட வேண்டிவரும், காரணத்தையும் அறிக்கையில் எழுத வேண்டிவரும் என்றார்.

சுருக்கமாகச் சொன்னால், ஜூலியானாவின் வேலை போகும், "பராமரிப்பு சரியில்லை" என்று அவள் பேர் எழுத்தில் ஏறும், லயத்துக்குச் சைரன் இருக்காது.

அவள் நேராக வீட்டுக்குப் போய்ப் பதினான்கு பெட்டிகளையும் முறைவைத்துக் கழற்றி வந்து, சமையல் மேசையில் வைத்து எல்லா ஈயத்தையும் உருக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒன்று செத்தது. ஒருநாள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை போச்சு போல அங்கிள்" என்றாள். "பினாங்குல இருந்தப்ப இருந்த கை இல்ல இது."

அப்போது நிஜமாகவே எனக்குக் காரணம் தெரியாது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் நான் குற்றமற்றவன்.

அடுத்த வாரம் தாள் அச்செடுக்க வந்தாள். மாதிரி போட எடுத்த வெயில் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கப் போவதாகவும், பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கியதாகவும் சொன்னாள். பிரிண்டரிலிருந்து தாள்கள் வந்தன. எடுத்து அடுக்கினேன். நவம்பர் 3: 2.8. நவம்பர் 4: 3.1. நவம்பர் 5: 2.6. நவம்பர் 6: 3.2.

பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டதுபோல அந்த எண்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவை என் எண்கள்.

எங்கள் தோட்டத்து மேட்டில், நாற்றுமேடைக்குப் பக்கத்தில், முன்பு ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் அடியில் ஒரு அட்டையைச் செருகி வைப்பார்கள். வெயில் அடித்தால் குண்டு அந்த அட்டையைச் சுட்டுக் கோடு போடும்; சூரியன் நகர நகரக் கோடும் நீளும். மாலையில் கோட்டை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும். மேகமாக இருந்தால் அட்டை சுத்தமாக இருக்கும், பூஜ்யம். தங்கையா என்கிற மருந்தடிக்கும் ஆள் தினமும் மேடேறி அட்டை மாற்றி வந்து எண்ணைச் சொல்வார், நான் ரெஜிஸ்டரில் எழுதுவேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தங்கையா ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆனால் மாதாமாதம் தலைமை ஆபீஸுக்கு வெயில் கணக்குப் பாரம் போக வேண்டும், கட்டம் காலியாக இருந்தால் பாரம் திரும்பி வரும். அந்த மழையில் மேடேற எனக்கு என்ன தலையெழுத்தா? மாசக் கடைசியில் ஒரு கோப்பித் தண்ணியை வைத்துக்கொண்டு ஒரே உட்காரலில் முப்பது நாளையும் நிரப்பினேன். ஒரே எண்ணாகப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று 2.6, 3.1 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் கூடுதல். தீபாவளி என்றால் தாராளமாக ஐந்து மணி நேரம். நல்ல நாளும் அதுவுமாக வெயில் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு பெரிய மனசு. கண்ணாடிக் குண்டு காணாமல் போகும்வரை ஏழு வருஷம் இப்படியே எழுதினேன். யாருக்கு என்ன கெட்டுவிடும்? எந்தக் கிராணி காலிக் கட்டத்தை நிரப்பாதவன்?

பெட்டி நட வந்தபோது அந்த ரெஜிஸ்டரைப் படம் பிடித்துப் போன மாணவர்களுக்கு நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"இதப் பாருங்க அங்கிள்" என்று ஜூலியானா தாளைத் திருப்பினாள். "மொத மூணு வருஷம் ஜீரோ நெறைய இருக்கு. ஏழு நாள், எட்டு நாள் சேர்ந்தாப்பல ஜீரோ. அப்புறம் ஏழு வருஷம் ஒரு ஜீரோகூட இல்ல. இவங்க என்னா பண்ணிருக்காங்க தெரியுமா? அந்த மூணு வருஷத்துல மிஷின் கோளாறுன்னு தள்ளிட்டு, ஏழு வருஷத்த வச்சே கணக்குப் போட்டிருக்காங்க."

தங்கையா மழையில் ஏறி இறங்கி எழுதியது கோளாறு. நான் கோப்பி குடித்துக்கொண்டு எழுதியது நிஜம்.

அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். லயத்துத் தண்ணீர்த் தொட்டியை வைத்து எனக்கு விளக்கினாள். தினமும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் சின்னத் தொட்டி போதும். மாசம் முழுக்க வரும் தண்ணீர் அதே அளவாகவே இருந்தாலும், ஒன்பது நாள் வராமல் பத்தாம் நாள் மொத்தமாக வந்தால் சின்னத் தொட்டி ஒன்பது நாளுக்குத் தாங்காது, பத்தாம் நாள் வழிந்து ஓடும். "மொத்தம் சரியா இருந்தாலும் பத்தாது அங்கிள். எத்தன நாள் சேர்ந்தாப்பல இல்லேங்கிறதுதான் முக்கியம். தினம் மூணு மணி நேரம் வெயில்னு நம்பி, ரெண்டு நாளைக்குத் தாங்குற பேட்டரி வச்சிட்டாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அந்த ஏழு வருஷம் அட்ட மாத்துனது யாரு?"

நான் கண் சிமிட்டவில்லை. "தங்கையாதான்" என்றேன். "வயசான காலத்துல மேல ஏறாம, வாய்க்கு வந்தத சொல்லிருப்பாரு."

"தங்கையா தாத்தாவா?" என்றாள். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏழு மாசத்தில் எனக்கு ஓய்வு. இருபத்தெட்டு வருஷத்துப் பேர். இதைத் தவிர என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கையா கோலா தெர்லாவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜூலியானா காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை அவள் மலையேறவில்லை. நேராக ஆபீஸுக்கு வந்தாள். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டின். மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே மாசவாரியாகச் சணல் கட்டிய அட்டைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் தேதி.

"ஸ்டோர் பரண்ல இருக்கும்னு தாத்தா சொன்னாரு, இருந்துச்சு" என்றாள். ஒரு அட்டையை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். சுட்டுப்போன கோட்டின் வழியாக வெளிச்சம் வந்தது. "பாருங்க, மழைக்காலத்துல கோடு விழுந்த எல்லா அட்டையிலும் இந்தப் பக்கந்தான். காலைல பத்து, பதினோரு மணிக்குள்ள. அதுக்கப்புறம் மூட்டம். ரெஜிஸ்டர்ல மொத்தம் மட்டுந்தான் இருக்கு. எந்த நேரத்து வெயில்ன்னு அட்டையிலதான் இருக்கு. நம்ம தகடுங்க தெக்கப் பாத்து நிக்கிது. கெழக்கப் பாக்கணும்."

அவள் முகத்தில் சின்ன சந்தோஷம்கூட இருந்தது. அதைப் பார்த்து, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"கடைசி அட்ட பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி மார்ச்சு" என்றாள். "தாத்தா அதோட நின்னுட்டாரு. நீங்க சொன்னத அவருகிட்ட சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"கோவப்படல. 'கிராணிக்கு மறந்துபோயிருக்கும்மா, எவ்வளவு எழுதுறாரு பாவம்'ன்னாரு."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அவளே அலமாரியிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டி ஒரு நவம்பரில் நிறுத்தி, என் பக்கம் திருப்பினாள். விரலை ஒரு வரியில் வைத்தாள். ஐந்து என்று இருந்தது. என் கையெழுத்து, அழகான கையெழுத்து.

"இது என்னா நாள் அங்கிள்?"

"தீபாவளி."

"எந்த வருஷம்?"

வருஷத்தைப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தியது.

"அன்னைக்குத்தான எங்கப்பாவ அடக்கம் பண்ணோம்" என்றாள். "விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் மழ. கோயில்லேர்ந்து கல்லறை வரைக்கும் கொட கூடப் பிடிக்க முடியல. வலது பக்கம் முன்னால நீங்கதான் தூக்குனீங்க."

ஆமாம், நான்தான் தூக்கினேன். தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியோடு போனேன். லயத்தில் ஒருவரும் அன்று வெடி வெடிக்கவில்லை. மைக்கேல்ராஜை இறக்கிவிட்டு வந்துதான் குளித்தோம், சாப்பிட்டோம். செம்மண்ணில் என் கால் வழுக்கிச் சவப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த ஜூலியானா ஓடிவந்து தோள் கொடுத்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் என் கையில் வடிந்தது. இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே மாசக் கடைசியில் உட்கார்ந்து, அதே நாளுக்கு நேராக ஐந்து மணி நேரம் வெயில் என்று எழுதியிருக்கிறேன். அழித்துத் திருத்திய அடையாளம்கூட இல்லை.

"நான்தான் எழுதுனேன்" என்றேன். "ஏழு வருஷமும். தங்கையா இல்ல."

"தெரியும்" என்றாள்.

அழுதேன். வயதானவன் ஆபீஸில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இருக்காது; கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அங்கிள். எந்த நாள் நெசம், எது நீங்க போட்டதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் அது போதாது என்று எனக்குத் தெரியும். கணக்கு பொய் என்று அவள் சொன்னால், எப்படித் தெரியும் என்று பேராசிரியர் கேட்பார். தன் தப்பை மறைக்கக் கணக்கில் பழி போடுகிறாள் என்றுகூட நினைக்கலாம். எழுதியவன் சொன்னால்தான் செல்லும். இரண்டு நாள் திண்டாடினேன். மூன்றாம் நாள் மேனேஜர் எட்ரியன் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன், பேராசிரியருக்கு ஒரு நகல். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஏன், எப்படி. தங்கையாவின் மூன்று வருஷம் நிஜம், தள்ள வேண்டியது என் ஏழு வருஷம் என்று அடிக்கோடு போட்டேன்.

துரை என் மகன் வயதுக்காரர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நீங்களா, கிராணி?" என்றார். அந்த ஒரு கேள்வி போதும், அதற்குப் பிறகு வந்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்றுமே இல்லை. பேராசிரியர் திரையில் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அது நியாயம். ஜூலியானாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்துவிட்டு, உடனே, "சார், பேட்டரி எப்ப அனுப்புவீங்க?" என்றாள்.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! தங்கையாவின் அட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தாள், நாளையும் மணியையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இரண்டு வருஷமாகப் பெட்டிகளின் பேட்டரி ஏறி இறங்கியதைத் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள், அதையும் சேர்த்தாள். பல்கலைக்கழகத்தில் புது மாதிரி போட்டார்கள். தகடுகளைக் கிழக்கே திருப்பினாள். ஒன்பது நாள் தாங்கும் பேட்டரி வந்தது.

அதைவிடப் பெரியது, பெட்டிகளுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுத்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டியும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "நல்லாயிருக்கேன்" என்று ஏரியலுக்குச் சொல்லும். அப்படிச் சொல்வதில்தான் பேட்டரி கரைகிறது. இப்போது மண் அசையாமல், மழையும் இல்லாமல் இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும். மழை என்றால் அரை மணிக்கு ஒருமுறை. மண் அசைந்தால் மட்டும் பேட்டரியைப் பார்க்காமல் அந்தக் கணமே கத்த வேண்டும். "தண்ணி நின்னுட்டா மொதல்ல துணி தொவைக்கிறத நிறுத்துவோம். குடிக்கிற தண்ணிய நிறுத்துவோமா?" என்றாள். எனக்குப் புரிந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளை ஸ்ட்ராபெரி பொறுக்க விட்டிருந்தோமே என்று ஆத்திரமாக வந்தது.

டிசம்பர் ஆறாம் தேதி மூட்டம் இறங்கியது. பேக்டரிக் கூரை ஆபீஸிலிருந்து தெரியவில்லை. தூறல், மழை, மறுபடி தூறல். இரண்டாம் நாள் பதினான்கு புள்ளியும் பச்சை. நாலாம் நாள் பச்சை. ஜூலியானா மலையேறவில்லை, ஏறக்கூடாது என்று தனக்குத்தானே தடை போட்டுக்கொண்டாள். பதிலாக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். வேலாயி வந்து எட்டிப் பார்த்து, "எம் பொட்டி எப்புடி இருக்கு?" என்று தன் வீட்டுக்கு மேலே இருக்கும் பதினோராம் பெட்டியை விசாரித்துவிட்டுப் போவாள்.

ஏழாம் நாள் அந்தப் பதினோராம் பெட்டி மஞ்சளானது, பேட்டரி குறைகிறது என்று அர்த்தம். ஜூலியானா எழுந்து பூட்ஸை மாட்டினாள், கழற்றினாள், உட்கார்ந்தாள். எட்டாம் நாளும் மஞ்சள். ஒன்பதாம் நாளும் மஞ்சள், ஆனால் மழைக்கு வைத்த விதிப்படி அரை மணிக்கு ஒருமுறை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் காலை எட்டேகாலுக்குக் கிழக்கே ஒரு கீற்று. பதினோராம் பெட்டி பச்சையானபோது ஜூலியானா தன் கைகளைத்தான் பார்த்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று வீட்டுக்குப் போனாள்.

திட்டம் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று கடிதம் வந்தது. ஒரே ஒரு வருஷம்தான். அறிக்கையில் அவள் பேர் சரியான இடத்தில் இருக்கிறது, தங்கையாவின் பேரும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நானே கோலா தெர்லா போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க கிராணி, அட்டைங்கள எலி கடிக்காம இருந்துச்சே" என்றார் தங்கையா.

எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. ரெஜிஸ்டரைத் திருத்த வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் நாள். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, தப்பான எண்ணின் மேல் சிவப்பில் ஒரே கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. புது எண் தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் ஒரு சிறு கோடு மட்டும். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அடித்தேன். எல்லாவற்றுக்கும் சிறு கோடுதான், ஒரு நாள்கூட எனக்கு நிஜமாகத் தெரியாது. அந்த நவம்பர் மட்டும் கை வராமல் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது ஜூலியானா உள்ளே வந்தாள். பின்னால் நின்று பார்த்தாள். நான் ஒவ்வொரு நாளாக அடித்துக் கோடு போட்டு, தீபாவளி வரிக்கு வந்து, ஐந்தை அடித்து, பக்கத்தில் சிறு கோடு போடப் பேனாவை வைத்தேன்.

"அங்க கோடு போடாதீங்க" என்றாள். "கோடுன்னா தெரியாதுன்னு அர்த்தம். அன்னைக்கு நாம ரெண்டு பேரும் வெளியிலதான இருந்தோம்."

பூஜ்யம் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் குனிந்து மை காயும்வரை அந்த வரியைப் பார்த்தாள்.

"இப்ப சரி" என்றாள். பிறகு பிரஷை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மலையேறப் போனாள்.